ஸ்டெல்லா எடுத்த லீவு

'ஹவ் ஸ்டெல்லா காட் ஹெர் குரூவ் பேக்' என்று ஒரு அமெரிக்கப் படம், 1998-ல் வந்தது. டெரி மக்மில்லன் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர் 1996-ல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. ஒசந்த கலைப்படம் எல்லாம் கிடையாது. கடல், மணல், பாட்டு, சிரிப்பு, கொஞ்சம் அழுகை. பின்பாதி இழுவை. ஆனாலும் நாலு தடவை பார்த்துவிட்டேன்.

ஸ்டெல்லாவுக்கு நாப்பது வயது. புருசனை விட்டுப் பிரிந்தவள். சான்பிரான்சிஸ்கோவில் பங்குச்சந்தை வேலை. நல்ல சம்பளம், மூச்சுவிட நேரமில்லை. மகன் அப்பன்கிட்டப் போயிருக்கிற லீவில், சிநேகிதியோடு ஜமைக்காவுக்குப் போகிறாள். காலைச் சாப்பாட்டு மேசையில் வின்ஸ்டன் என்ற பையன் எதிரில் வந்து உட்காருகிறான். இருபது வயது. அப்புறமென்ன, ஆசைதான். (நடித்த ஏஞ்சலா பாசெட்டுக்கும் டாய் டிக்ஸுக்கும் நிஜத்தில் 12 வருச வித்தியாசம்தான்.)

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் 1939-ல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஹாட்டி மெக்டேனியல் வேலைக்காரியாக வருவார். வெள்ளைக்காரச் சீமாட்டி கட்டில் கம்பத்தைப் பிடித்து நிற்க, இவர் அவள் இடுப்புக்கச்சையின் கயிற்றை இழுத்துக் கட்டுவார். ஆசை அவளுக்கு, கயிறு இழுக்கிறது இவருக்கு. அந்த வேசத்துக்காக 1940-ல் ஆஸ்கர் கொடுத்தார்கள், கறுப்பர் ஒருவர் வாங்கிய முதல் ஆஸ்கர். விருது நடந்த ஓட்டலில் கூட நடித்தவர்களோடு உட்காரவிடாமல் தனியாக ஒரு மேசை போட்டார்கள். தனிக் கிளாஸ் தெரிந்த நமக்குத் தனி மேசை புரியும்.

வெளியூர் போய்க் காதலிக்கிற லீவு எல்லாம் வெள்ளைக்காரப் பெண்களுக்குத்தான். 1953-ல் 'ரோமன் ஹாலிடே' இளவரசி. 1955-ல் 'சம்மர்டைம்' படத்தில் வெனிசுக்குப் போன காத்தரின் ஹெப்பர்ன். அதிலும் ஒரு சட்டம் உண்டு. லீவு முடிந்தால் ஆசையும் முடியணும். இளவரசி அரண்மனைக்குத் திரும்பிவிடுவாள், இவளுக்கு ரயில் வந்துவிடும். ஸ்டெல்லா அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. ஆசை அவள் பின்னாலேயே கலிபோர்னியாவுக்கு வருகிறது. பையனின் அம்மா முகம் சுளிக்கிறாள், கூடப் பிறந்தவளே ஏசுகிறாள். அவளுக்கே பயம்தான். ஆனாலும் யாரும் அவளை ஊர்நடுவில் நிறுத்தித் தண்டிக்கவில்லை.

இதை ஒரு கூட்டத்தில் பேசினேன். ஒரு தோழர் எழுந்தார். "நெலத்துக்கும் கூலிக்கும் போராடிக்கிட்டிருக்கோம். பணக்காரி ஒருத்தி கடக்கரையில கூத்தடிக்கிறத இங்க வந்து ஏன் பேசுறீங்க தோழர்?" கைதட்டலும் விழுந்தது.

எங்கம்மாவுக்கு லீவு என்றால் மழை. மழை பேஞ்சா களையெடுப்பு இல்லை, கூலியும் இல்லை. அன்னைக்கும் ஒழுகிற எடத்துலெல்லாம் சட்டி வச்சுக்கிட்டே இருப்பா. அவள் ஒடம்பை ஆதிக்க சாதிக்காரன் என்ன செய்தான் என்று பேச நமக்கு மேடை இருக்கிறது. அந்த ஒடம்புக்கு என்ன வேணும் என்று பேச இன்னும் மேடை இல்லை.

என் சின்னம்மா முப்பத்திரண்டு வயதில் தாலியறுத்தவள். எங்கள் பக்கத்தில் அறுத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு, பாட்டி காலத்தில் யாரும் அதைக் கேவலமாக நினைத்ததில்லை. ஆனால் சின்னம்மாவை ஒருத்தர் கேட்டு வந்தபோது, "படிச்ச புள்ளைக இருக்கிற வீடு, நாலு பேரு என்ன சொல்லுவான்" என்று எங்கள் மாமன்மார் தடுத்துவிட்டார்கள். மேல்சாதிக்காரன் வீட்டு ஒழுக்கம் நம் வீட்டுக்குள்ளே வந்து திண்ணை போட்டு உட்கார்ந்தது அப்படித்தான். மாமன்மார் ரெண்டு பேரும் இயக்கத்தில் இருந்தவர்கள்.

சின்னம்மாவுக்கு இந்தப் படத்தின் கதையை முழுசாகச் சொன்னேன். நாப்பதும் இருபதும் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "ஏத்தா, அந்த ஊருல அவளுக்குச் சோறு யாரு ஆக்கிப் போடுறா?"

அந்தத் தோழர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஆக்கிப் போடுகிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் கறுப்பர்கள்தான். படத்துக்கு அவர்கள் கதை வேண்டியிருக்கவில்லை. படம் பிடித்த விடுதி இருப்பது மாண்டிகோ பே நகரத்துப் பக்கம். அங்கே லீவுக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. 1831 டிசம்பரில் சாம் ஷார்ப் என்ற அடிமை, பாப்டிஸ்ட் சபையில் உபதேசம் செய்தவர், கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததும் கூலி தராமல் யாரும் வேலைக்கு இறங்காதீர்கள் என்று சொல்லி ஆட்களைத் திரட்டினார். கரும்புத் தோட்டங்கள் பற்றி எரிந்தன. வெள்ளை அரசாங்கம் முந்நூறு பேருக்கு மேல் தூக்கிலும் துப்பாக்கியிலும் கொன்றது. 1832 மே மாதம் சாம் ஷார்ப்பையும் மாண்டிகோ பேயிலேயே தூக்கிலிட்டார்கள். 1834-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, முழு விடுதலைக்கு 1838 ஆனது. அந்தக் கடற்கரையில் இப்போது சாய்வு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஸ்டெல்லா அதில் படுத்திருப்பது எனக்குச் சந்தோசம்தான். அவளுடைய பாட்டிமார் பருத்திக் காட்டில் படுக்காமல் கிடந்தவர்கள். நாற்காலியைத் தூக்கிப் போட்டவன் எப்போது படுப்பான் என்பதும் கூடவே உறுத்துகிறது. ஒன்றுக்காக இன்னொன்றை விட எனக்கு மனசில்லை.

நாவல் எழுதிய மக்மில்லனும் ஜமைக்காவில் தன்னைவிட ரொம்ப இளையவன் ஒருவனைச் சந்தித்துத்தான் 1998-ல் கல்யாணம் செய்தார். 2005-ல் அது முறிந்தது. பத்திரிகையும் டிவியும் அதைப் பந்தி வைத்துப் பரிமாறின. இதையும் சின்னம்மாவிடம் சொன்னேன். "ஏழு வருசம் இருந்திருக்காகல்ல" என்றாள். கொஞ்ச நேரம் புளி உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அவன் அவ வீட்டுக்கு வந்தப்ப அடுப்படிப் பக்கம் ஒரு நாளாவது போனானா?" என்று கேட்டாள்.