களி தின்னும் வீட்டில் கொலஸ்ட்ரால்

எங்கள் தளிக்கு வெள்ளைக்காரர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் சூட்டினார்கள். குளிர்தான் அந்நாட்டுக் குளிர்; உணவோ கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். “களி தின்கிற உடம்பில் கொழுப்பு ஏது?” என்பார்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள்.

சென்ற ஆண்டு, 43 வயதில், என் தாய்மாமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். புகைப் பழக்கம் இல்லாத மனிதர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே 14 மாத்திரைகள் கொடுத்தார்கள். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் அது. அவற்றில் எட்டு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின். பிறகு பெங்களூரில் ஒரு மருத்துவர் மாமாவின் குதிகால் தசைநாணைத் தடவிப் பார்த்தார், தடித்திருந்தது. கெட்ட கொலஸ்ட்ரால் 284. “இது தின்று வந்ததில்லை, பிறப்பிலேயே வந்தது” என்றார்.

உலகில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் குறை உண்டாம். விலங்கியல் மாணவனுக்கு இதற்குமேல் உறக்கம் வருமா? நூலகத்தில் தேடினேன்.

இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் கல்லீரல் உயிரணுவின் மேல் உண்டு. பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் அவற்றைக் கண்டறிந்து 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கொக்கியைச் செய்யும் ஜீன் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. மாமாவுக்கு அதில் ஒன்று பழுது.

மருந்து அந்தப் பழுதை நீக்குகிறதா? இல்லை! வீட்டுக் குதிரில் கேழ்வரகு இருக்கும்வரை எவன் சந்தைக்குப் போவான்? ஜப்பானியரான அகிரா எண்டோ 1973-இல் ஒரு பூஞ்சையில் கண்டெடுத்த பொருளின் வழிவந்த இம்மாத்திரைகள், உயிரணு தானே கொலஸ்ட்ரால் செய்துகொள்ளும் குதிரைப் பூட்டிவிடுகின்றன. உள்ளே பஞ்சம் வந்ததும் ஒரு புரதம் உட்கருவுக்கு ஓடி, கொக்கி ஜீனைத் தட்டி எழுப்புகிறது. நல்ல ஜீன் இருவர் வேலையை ஒருவனாய்ச் செய்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே புரதம் பிசிஎஸ்கே9 என்ற இன்னொரு ஜீனையும் எழுப்பிவிடுகிறது. அதன் வேலை கொக்கிகளை அழிப்பது! மருந்தின் அளவை இருமடங்காக்கினாலும் கொலஸ்ட்ரால் மேலும் 6 சதவீதம் அளவுக்கே குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். மாமாவுக்கு 40 மில்லிகிராமை 80 ஆக்கியும் பெரிதாக இறங்கவில்லை. குடலில் கொலஸ்ட்ராலைத் தடுக்கும் எஸெடிமைப் என்ற மாத்திரையையும் சேர்த்தார்கள். பிசிஎஸ்கே9-ஐ மடக்கும் ஊசிகள் 2015 முதல் உண்டு. விலையைக் கேட்டு மாமி வாயடைத்துப் போனார்.

நல்ல ஜீன் ஒன்றாவது இருந்தால்தானே எழுப்புவதற்கு? இரண்டும் முழுப் பழுதாய்ப் பிறக்கும் குழந்தைக்கு இம்மாத்திரை அதிகம் உதவாது. பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். பெற்றோர் இருவருக்கும் குறை இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த ஆபத்து நான்கில் ஒரு பங்கு. எங்கள் பக்கம் தாய்மாமனுக்கும் மாமன் மகனுக்கும் பெண் கொடுப்பது வழிவழி வந்த உரிமை அல்லவா? என் அக்காவை மாமன் மகனுக்கென்று சிறு வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள்.

குடும்பத்தோடு இரத்தம் கொடுத்தோம். அம்மாவுக்கு 240. எனக்கு 96. அக்காவுக்கு 221. பாட்டி, “எல்லாம் காகிதக் கணக்கு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா மாத்திரையைத் தொடங்கிவிட்டாள். மாமன் மகன் ஓசூரில் இரவு வேலையில் இருக்கிறான். இன்னும் இரத்தம் கொடுக்கவில்லை. அவன் முடிவு வராமல் தாம்பூலம் மாற்ற மாட்டேன் என்று அக்காவே சொல்லிவிட்டாள்.