புலிக்கும் எனக்கும் நடுவே ஒரு சைக்கிள்

"தனியாவா போற?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா."

"காட்டுக்கா?"

"காட்டுக்கு இல்லம்மா, காட்டோரமா."

"அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அம்மாவுக்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மெராப்போவில், மழையில் ஊறிய ஒரு செம்மண் பாதையின் நடுவே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், புலியைப் பொறுத்தவரை ஒரு வித்தியாசமும் இல்லை என்பது உறைத்தது.

நான் வானொலி அறிவிப்பாளர். வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஆறு மணிக்கெல்லாம் மைக் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். பேசுவதுதான் பிழைப்பு. அதனால் விடுமுறை கிடைத்தால் யாரிடமும் பேசாமல் எங்காவது போய்விட வேண்டும் போலிருக்கும். புக்கிட் கியாராவில் வாடகைச் சைக்கிளில் தொடங்கிய பழக்கம், சொந்தமாக ஒரு மலைச் சைக்கிள் வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. பிறகு கோலாலம்பூரின் குன்றுகள் போதவில்லை. காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு பெந்தோங், ரவூப், கோலா லிப்பிஸ் வழியாக மெராப்போவுக்குப் புறப்பட்டேன்.

இரு காடுகளுக்கு நடுவே ஓர் ஊர்

மெராப்போ பகாங் மாநிலத்தின் வடமேற்கு ஓரத்தில், கிளந்தான் எல்லையை ஒட்டி இருக்கும் சிற்றூர். சுண்ணாம்புக் குன்றுகளும் குகைகளும் நிறைந்த இடம். 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தாஹான், தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த மலை. அதில் ஏறப் போகிறவர்கள் பலர் இங்கே சுங்கை ரெலாவ் வழியாகத்தான் தாமான் நெகாராவுக்குள் நுழைகிறார்கள்.

ஊருக்குக் கிழக்கே தாமான் நெகாரா. மேற்கே தித்திவாங்சா மலைத்தொடரின் காடு. இந்த இரண்டு பெருங்காடுகளையும் சேர்க்கும் ஒடுக்கமான இடுப்புதான் சுங்கை யூ வட்டாரம். நெடுஞ்சாலை அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதால், விலங்குகள் அடியில் கடந்து போகட்டும் என்று சில இடங்களில் சாலையை மேம்பாலமாக உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். காரில் போகிறவர்களுக்கு அது வெறும் பாலம். புலிக்கும் யானைக்கும் அதுதான் வாசல்.

1950களில் நம் நாட்டில் ஏறக்குறைய 3,000 புலிகள் இருந்ததாகச் சொல்வார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்றது. தேசியச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன; காற்பந்துக் குழுவுக்குப் பெயரே ஹரிமாவ் மலாயா. ஆனால் உயிருள்ள புலிகளை ஒரு திருமண மண்டபத்தில் அடக்கிவிடலாம்.

அவ்வளவு குறைவு என்றால் பயமெதற்கு என்று நானும் நினைத்தேன். ஆனால் 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மெராப்போவிலிருந்து காரில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய குவா மூசாங் வட்டாரத்தில், புலி தாக்கி அடுத்தடுத்துச் சிலர் இறந்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பூர்வகுடியினரும் அவர்களில் உண்டு. அந்தச் செய்திகளை ஒலிபரப்பில் வாசித்தவள் நான். வாசித்து முடித்ததும் பாட்டுப் போட்டேன்.

மாக்சிக் சொன்ன நேரம்

தங்கியிருந்த வீட்டு மாக்சிக், நாசி லெமாக்கை மேசையில் வைத்துவிட்டு என் சைக்கிளை ஒரு பார்வை பார்த்தார். "ஜாங்கான் பாகி சாங்காட்" என்றார். ரொம்ப விடியலிலே போகாதே. எனக்கோ வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வர வேண்டும் என்ற எண்ணம். அவர் விடவில்லை. ஒன்பது மணிக்கு மேல் போ, நாலு மணிக்குள் வீட்டில் இரு என்று கறாராகச் சொல்லிவிட்டு, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்டு நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. புலியும் சிறுத்தையும் அதிகம் நடமாடுவது அந்தியிலும் இரவிலும் விடியலிலும். நகரத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மிகவும் பிடித்த குளிர்ந்த நேரம் எதுவோ, அதுவே அவற்றுக்கும் வேலை நேரம்.

சைக்கிளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நடந்து போகிறவரின் காலடிச் சத்தம் விலங்குக்கு முன்கூட்டியே கேட்கும். பெரும்பாலும் அது விலகிப் போய்விடும். மோட்டாரின் சத்தம் அதைவிடத் தூரம் கேட்கும். நல்ல சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது. வளைவில் திரும்பும்போது இரண்டு பேருமே ஒருவரையொருவர் எதிர்பார்க்காமல் முகத்துக்கு நேராக நிற்க வேண்டியதுதான். 2016இல் அமெரிக்காவின் மொண்டானாவில், அனுபவமுள்ள ஒரு வன அலுவலர் தன் சைக்கிளில் வேகமாக வந்து ஒரு வளைவில் கரடியின் மீதே மோதிவிட்டார். கரடி தாக்கியதில் உயிரிழந்தார். காடு தெரியாதவர் அல்ல அவர். வேகமும் அமைதியும் வளைவும் ஒன்றுசேர்ந்த இடம் அது.

குனிந்து ஓட்டும்போது நாம் சிறியதாகவும் தெரிவோம். வேகமாக விலகிப் போகும் எதையும் துரத்துவது பெரும்பூனைகளின் சுபாவம். 2018இல் வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு சைக்கிளோட்டிகளை ஒரு மலைச்சிங்கம் பின்தொடர்ந்தது. கத்தியும் சைக்கிளை ஓங்கியும் முதலில் விரட்டிவிட்டார்கள். அது திரும்பி வந்து தாக்கியபோது, ஓடியவரைத் துரத்திச் சென்று கொன்றது. 2024இல் அதே மாநிலத்தில் நான்கு பெண்கள் சேர்ந்து, தோழியைக் கவ்விய மலைச்சிங்கத்தோடு போராடி அவரை விடுவித்து, சைக்கிளாலேயே அதை அழுத்திப் பிடித்துவைத்தார்கள். அந்த விலங்கு வேறு, நம் புலி வேறு. ஆனாலும் இரண்டு பாடங்கள் இங்கும் பொருந்தும். ஓடக்கூடாது. முடிந்தால் தனியாகப் போகக்கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நான் தனியாகப் போனேன். மனிதப் புத்தி அப்படித்தான்.

என் டயர் தடத்தின் மேல்

ஒன்பதரைக்குப் புறப்பட்டேன். ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் காடு. முந்தின இரவு பெய்த மழையில் மண் மெத்தென்று இருந்தது. காதில் பாட்டு இல்லை. அந்தப் புத்தியாவது இருந்தது. வழியில் யானைச் சாணம் கிடந்தது, உலர்ந்து போனது. அங்கே எதிர்ப்பட அதிக வாய்ப்புள்ள பெரிய விலங்கு யானைதான். சாணம் ஈரமாக இருந்தால் திரும்பிவிட வேண்டும் என்று நினைத்திருந்ததால் மேலே போனேன். ஓர் ஓடை வரை போய், தண்ணீர் குடித்து, பதினொரு மணிவாக்கில் திரும்பினேன்.

ஊருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது அதைப் பார்த்தேன்.

போகும்போது பதிந்த என் டயர் தடம் சேற்றில் தெளிவாக இருந்தது. அதன் மேல் ஒரு பாதச்சுவடு. நாலு விரல், நடுவே அகலமான உள்ளங்கால், நகக்குறி இல்லை. நாயின் தடத்தில் பெரும்பாலும் நகம் பதியும். பூனை இனம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். பக்கத்தில் என் கையுறையை வைத்தேன். அகலம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. தோட்டத்துப் பக்கமிருந்து வந்த தடம் பாதையைக் குறுக்கே கடந்து காட்டுப் பக்கம் போயிருந்தது. டயரின் மேல் பதிந்திருந்ததால் நேரம் பற்றிச் சந்தேகமே இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள்.

வாய் உலர்ந்துவிட்டது. முதலில் தோன்றியது, ஏறி முழு மூச்சில் மிதிப்பதுதான். அப்படி மிதித்தால் குனிவேன், வேகமாக ஓடும் பொருளாவேன், முன்னால் இருக்கும் மூன்று வளைவுகளில் எதன் மீது போய் விழுவேன் என்று தெரியாது. இறங்கினேன். சைக்கிளைக் காட்டுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டேன், அதற்கும் எனக்கும் நடுவே இருக்கட்டும் என்று. நிமிர்ந்து நடந்தேன். ஒரு வினாடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பூனை இனம் பின்னாலிருந்து வருவதையே விரும்பும். சுந்தரவனத்தில் 1980களில், காட்டுக்குள் போகிறவர்கள் பின்னந்தலையில் மனித முகமூடி மாட்டிக்கொண்டது அதற்காகத்தான்.

பிறகு பேசத் தொடங்கினேன். சத்தமாக. என்ன பேசுவதென்று தெரியாமல், பழக்கம் வாயில் வந்துவிட்டது. "காலை வணக்கம் நேயர்களே! நேரம் பதினொன்று இருபத்தைந்து. இன்றைய வானிலை..." வானிலை சொன்னேன். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசல் சொன்னேன். பிறந்தநாள் வாழ்த்து வாசித்தேன். இடையிடையே மணியடித்தேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு கவனமாக யாரும் என்னைக் கேட்டிருக்கமாட்டார்கள் என்றும், யாரும் கேட்கவே வேண்டாம் என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது.

அப்போதுதான் பாட்டி நினைவுக்கு வந்தார். லிப்பிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். விடிவதற்குள் பெரட்டு, பிறகு நெற்றி விளக்கோடு நிறைக்குப் போக வேண்டும். "நாலு பேராத்தான் போவோம். வாளியத் தட்டிக்கிட்டே, சத்தமா ஊர்க்கதை பேசிக்கிட்டே போவோம். அந்தப் பேர மட்டும் சொல்லமாட்டோம், பெரியவருன்னுதான் சொல்லுவோம்" என்பார். பயந்தாங்கொள்ளிகள் என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். அமெரிக்காவில் விலை போட்டு விற்கும் அறிவுரையை அவர்கள் பால் வாளியில் தட்டியே கடைப்பிடித்திருக்கிறார்கள்.

மரங்கள் விலகி இரு பக்கமும் செம்பனை வந்த பிறகுதான் சைக்கிளில் ஏறினேன். அதுவும் மெதுவாக, மணியடித்தபடி.

பாக்சிக் கேட்ட முதல் கேள்வி

வீட்டில் பாக்சிக்கிடம் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். "டத்தோ" என்றார் மெல்ல. "மூடா லாகி." இன்னும் இளசு. பிறகு அவர் கேட்டது, பயந்தாயா என்றல்ல. "இதை யாருக்காவது அனுப்பினாயா?"

தொலைத்தொடர்பு அப்போதுதான் கிடைத்திருந்தது. சமூக ஊடகத்தில் போட எழுதி வைத்திருந்தேன், இடத்தின் பெயரோடு. அதை அழிக்கச் சொன்னார். புலி இருக்கும் இடத்தை நான் உலகத்துக்குச் சொன்னால், முதலில் வருவது சைக்கிளோட்டி அல்ல, கம்பிக் கண்ணி வைப்பவன். கண்ணியில் காலிழந்த புலிக்கு மானைப் பிடிக்க முடியாது. பிறகு அது ஆட்டையும் ஆளையும் தேடும். என் பாதுகாப்பும் அதன் பாதுகாப்பும் ஒரே கயிற்றின் இரு முனைகள். அவர் பெர்ஹிலித்தானுக்கு மட்டும் அழைத்துச் சொன்னார். நான் பதிவை அழித்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் பாதையின் பெயர் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு

மூன்று நான்கு பேராகப் போங்கள். ஒன்பதுக்கு முன்னும் நாலுக்குப் பின்னும் காட்டோரத்தில் இருக்காதீர்கள். எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லுங்கள். காதில் எதையும் மாட்டாதீர்கள். வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்து மணியடியுங்கள், குரல் கொடுங்கள். அழுகல் நாற்றமோ ஈக்கூட்டமோ இருந்தால் எட்டிப் பார்க்காதீர்கள். இரையைக் காக்கும் விலங்கு பக்கத்திலேயே இருக்கலாம். குட்டியைக் கண்டால் தாய் அருகில் உண்டு. நேருக்கு நேர் பார்க்க நேர்ந்தால் குனியாதீர்கள், முதுகு காட்டாதீர்கள், ஓடாதீர்கள். சைக்கிளை நடுவே வைத்து, உரக்கப் பேசியபடி மெல்லப் பின்வாங்குங்கள், அது போக வழி விடுங்கள். யானை என்றால் மட்டும் கத்திச் சண்டைக்குப் போகாமல், தூரத்திலேயே வந்த வழி திரும்பிவிடுங்கள்.

எனக்கு மாக்சிக் சொன்ன ஒன்பது மணி கிடைத்தது. குவா மூசாங்கில் இறந்தவர்கள் அங்கே போனது பிழைப்புக்காக. என் பாட்டிக்கும் பெரட்டு மணி அடித்தால் போயே ஆக வேண்டும். நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று, அந்த நாலு கிலோமீட்டரில்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த முறை நாலு பேராகப் போகிறோம். அம்மாவிடம் சொன்னேன். "வாளி எடுத்துக்கோ" என்றார்.