ப்ரூக்ளின் கரையில் ஒரு ஒடெஸ்ஸா

நியூயார்க் நகரத்தின் தென்கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்தின் அலைகள் வந்து மோதும் மணற்கரையில், பிரைட்டன் பீச் என்ற பேட்டை இருக்கிறது. பெயர் என்னவோ இங்கிலாந்திலுள்ள பிரசித்தி பெற்ற கடற்கரை ஊரிலிருந்து கடன் வாங்கியது. ஆனால் ஜனங்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'சின்ன ஒடெஸ்ஸா'. ஒடெஸ்ஸா என்பது கருங்கடல் ஓரத்தில், உக்ரேன் தேசத்தில் உள்ள துறைமுகப் பட்டினம். அங்கிருந்தும் அந்நாளைய ஸோவியத் ராஜ்யத்தின் வேறு பல ஊர்களிலிருந்தும் 1970-க்குப் பிற்பட்ட வருஷங்களில் யூதக் குடும்பங்கள் ஆயிரக் கணக்கில் வந்து இங்கே குடியேறின. 1991-ல் ஸோவியத் ராஜ்யம் கலைந்தபோது இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள்.

கடைவீதிக்கு நேர் மேலே, இரும்புத் தூண்களின் மீது ரயில் ஓடுகிறது. அது வரும் சமயத்தில் வீதியில் பேசுகிறவர்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறார்கள். போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். தலைக்கு மேலே அமெரிக்கா என்றால், தரையிலே வேறு உலகம். ருஷ்ய எழுத்தில் பெயர்ப் பலகைகள், கறுப்பு ரொட்டி, புகையில் பதமிட்ட மீன், உப்பில் ஊறிய வெள்ளரிக்காய்! குளிர் காலத்தில் கடலோரப் பலகைப் பாதையில் வயதான ஸ்திரீகள் ரோமக் கோட்டு அணிந்து, உதட்டுக்குச் சாயம் பூசி, அரசிகளைப் போல் நடக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் இதைக் கண்டு புன்னகை செய்வது வழக்கம்.

அந்தப் புன்னகைக்குப் பதில் தேடித்தான் ஒரு கல்லூரி மாணவி இங்கே புறப்பட்டாள். முதியவர்களின் ஞாபகங்களை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்து வைப்பது அவளுக்கு இடப்பட்ட வேலை. அவளுக்குக் கிடைத்த விஷயம் உடை நாகரிகம். அவளுடன் நாமும் சென்றோம். ருஷ்ய வழக்கப்படி, பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்து அந்த அம்மையாரை மாணவி மரியாதையாக அழைத்தாள்.

"தாங்கள் ருஷ்யர்தானே?" என்று அவள் ஆரம்பித்தாள்.

"என் பாஷை ருஷ்யன், என் ஊர் ஒடெஸ்ஸா, என் பாஸ்போர்ட்டு அமெரிக்கா. இதில் எதையும் மாற்றி எழுதாதே, குழந்தாய்" என்றார் அம்மையார்.

இது வெறும் பிடிவாதமல்ல. 2022-ல் உக்ரேன் மீது ருஷ்யா படையெடுத்த பிறகு, இந்தப் பேட்டையில் ஓர் உணவுக் கடை தன் பெயரிலிருந்த ருஷ்யா என்ற சொல்லையே எடுத்துவிட்டது. பேசும் மொழி ஒன்று, பற்றுக் கொண்ட தேசம் வேறு என்ற நிலை இங்கே பல வீடுகளில் இருக்கிறது.

பிறகு உடையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 1959-ல் பாரிஸின் டியோர் கம்பெனி மாஸ்கோவில் தன் உடைகளைக் காட்டியது. அந்த அழகிகள் 'கூம்' என்னும் பெரிய அரசாங்கக் கடைக்குள் நடந்தபோது, ஜனங்கள் வேலையை மறந்து பார்த்து நின்ற படங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் சாதாரணக் குடும்பங்களுக்குக் கிடைத்தது வேறு. நல்ல சாமான் எதுவானாலும் அதற்கு 'தெஃபிஸித்' என்று பெயர், அதாவது, கிடைக்காதது. கடை வாசலில் வரிசையைக் கண்டால் முதலில் போய் நின்றுகொள்வார்கள்; என்ன விற்கிறது என்பதைப் பிறகுதான் விசாரிப்பார்கள். ஒடெஸ்ஸா துறைமுகமாதலால், மாலுமிகள் கொண்டுவந்த அமெரிக்க நீலக் கால்சட்டைகள் அங்கே கள்ளச் சந்தையில் கிடைத்தன. விலை ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்!

அம்மையாரின் தாயார் வீட்டிலேயே தையல் வேலை செய்தவர். ரீகா நகரத்து உடைப் பத்திரிகை ஒன்று பல வீடுகளைச் சுற்றிவிட்டு அவர் கைக்கு வரும். படத்தைப் பார்த்தே அளவெடுத்து வெட்டுவார். பழைய கோட்டைத் 'திருப்புவதில்' அவர் கெட்டிக்காரர். அது என்ன வித்தை? தையலையெல்லாம் பிரித்து, தேய்ந்த பக்கத்தை உள்ளே தள்ளி, தேயாத உட்பக்கத்தை வெளியே வைத்து மறுபடியும் தைப்பதுதான்.

1979-ல் மகள் புறப்பட்டாள். அந்த ஒரே வருஷத்தில் 50,000-க்கு மேற்பட்ட யூதர்கள் ஸோவியத் நாட்டை விட்டு வெளியேறினார்கள். இஸ்ரேல் அனுமதிச் சீட்டில் போகிறவர்கள் பிரஜா உரிமையைத் துறக்க வேண்டும். துறப்பதற்கும் 500 ரூபிள் கட்டணம் செலுத்த வேண்டும். தாயார் தம்முடைய ஒரே கம்பளிக் கோட்டைத் திருப்பித் தைத்து மகளுக்கு அணிவித்து அனுப்பினார். வியன்னா, பிறகு ரோமாபுரிக்கு அருகே சில மாதங்கள், அதன் பிறகு நியூயார்க்.

"இங்கே எல்லோரும் என் கோட்டைப் பார்ப்பதாக எனக்குத் தோன்றியது" என்றார் அம்மையார். "முதல் சம்பளத்தில் பளபளக்கும் புதுச் சட்டை ஒன்று வாங்கினேன். கோட்டைத் தெருவோரம் வைத்துவிட்டு வந்தேன். 'கோட்டு கதகதப்பாக இருக்கிறதா?' என்று அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பாள். 'இருக்கிறது' என்று ஐந்து வருஷம் எழுதினேன். அதன் பிறகு கடிதம் வரவில்லை."

மாணவி பதிவுக் கருவியை நிறுத்தக் கையை நீட்டினாள்.

"நிறுத்தாதே. இதற்காகத்தான் உன்னை வரச் சொன்னேன்" என்றார் அவர்.

ரோமக் கோட்டின் ரகசியத்தையும் அவரே சொன்னார். "பாதிப் பேர் இதைத் தவணை கட்டி வாங்கினோம். வந்த இடத்தில் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று ஊருக்கு அனுப்பும் படத்தில் தெரிய வேண்டாமா?"

டியோர் கம்பெனியின் உடைகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பாதுகாக்கப் பொருட்காட்சி சாலைகள் இருக்கின்றன. திருப்பித் தைத்த கோட்டுக்கு அத்தகைய பாக்கியம் இல்லை. தைத்தவர் போய்விட்டார், கோட்டும் போய்விட்டது. இனி அது இருக்கப்போவது அந்த மாணவி எடுத்துச் சென்ற குரலில் மட்டுமே. ஒரு தேசத்தின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் அரண்மனைகளைப் பார்த்த பிறகு, தையற்காரியின் வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்ட வேண்டும். அதுவும், கதவைத் திறக்க அங்கே ஆள் இருக்கும்போதே தட்ட வேண்டும்.