கறுப்புப் பனி

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி. முன்பனி, பின்பனி என்று ஆண்டில் நான்கு மாதங்களை அதற்கு ஒதுக்கியவர்கள் நாம். டொராண்டோவுக்கு வந்தபின் வானிலிருந்து உதிரும் வெண்பொதிக்கும், சாலையில் இறுகிக் கிடக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறேன். வண்டியோட்டுபவருக்கு இவை ஒன்றல்ல.

வெண்பனி தன்னை அறிவித்துக்கொண்டு வருகிறது. அஞ்ச வேண்டியது இங்கே 'கறுப்புப் பனி' எனப்படுவதற்கு. உண்மையில் அது கறுப்பே அல்ல. நிறமற்ற மெல்லிய படலம். அடியிலுள்ள தாரின் நிறம் தெரிவதால் வெறும் ஈரச்சாலை போலத் தோன்றும். மேலும் கீழும் குளிர்காற்று வீசுவதால் பாலங்களில்தான் முதலில் உறையும். கடுங்குளிரைவிட, பூஜ்யம் டிகிரியை ஒட்டிய நாட்களில் அது அதிகம் வழுக்கும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து, விடியுமுன் டான் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பாலத்தைக் கடந்து வருபவள் என் மனைவி. ஆகவே இந்தக் கணக்குகள் எனக்கு வெறும் கணக்குகளல்ல. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த சாலையில் பிரேக்கை மிதித்த இடத்திலிருந்து சுமார் 15 மீட்டரில் நின்றுவிடும். பனிக்கட்டியின்மேல் அது 100 மீட்டர்கூட ஓடக்கூடும்.

ஏபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். மிதி காலடியில் தடதடவென்று அதிரும்போது பழுதென்று எண்ணிக் காலை எடுப்பவர்கள் உண்டு. எடுக்கலாகாது, அழுத்தியே வைத்திருக்க வேண்டும். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காத்து, வண்டியைத் திருப்ப இடம் தருவதே அதன் வேலை. பனிக்கட்டியில் தூரத்தைப் பெரிதாகக் குறைத்துவிடாது. நான்கு சக்கர இயக்கம் என்று பெருமை பேசும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அது கிளம்ப உதவும், நிற்க உதவாது.

நிற்க உதவுவது ரப்பர். சாதாரண டயர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும்; குளிர்கால டயர் இளக்கமாகவே இருக்கும். கியூபெக் மாகாணம் 2008 முதல் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, எங்கள் வீட்டில் உண்டு.

மற்றதை அவளே பார்த்துக்கொள்கிறாள். பாலத்துக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவாள். பாலத்தின்மேல் பிரேக்கைத் தொடுவதில்லை, ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புவதில்லை. முன்வண்டிக்கும் தனக்கும் நடுவே அரைத்தெருவை விட்டு ஓட்டுவாள். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும் என்பாள்.