கிணற்றடிப் போவிட்டியா

தமிழையே பேசி, தமிழிலேயே எழுதும் எங்கள் வீட்டில் இந்தப் பூக்கன்றுக்குச் சிங்களப் பெயர்தான்: போவிட்டியா. உம்மும்மா அப்படித்தான் சொன்னா, உம்மாவும் அப்படித்தான். தாவரவியலாளர் இதை மெலஸ்டோமா மலபாத்ரிகம் என்பர். மெலஸ்டோமா என்றால் கிரேக்க மொழியில் 'கறுத்த வாய்'. வெடித்த பழத்தின் கருநீலச் சதையைத் தின்றுவிட்டு வரும் பிள்ளைகளின் நாக்கைப் பார்த்தால் பெயர்க்காரணம் விளங்கும்.

கண்டி மாவட்டத்தில் எங்களூர்ப் பக்கம் வயலோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் தானாகவே வளரும் பற்றை இது. எங்கள் கிணற்றடிக்குக் கீழே மழைத் தண்ணீர் வடிந்து எந்நேரமும் ஈரமாகக் கிடக்கும் ஒரு மூலை உண்டு. உம்மா வைத்த ரோஜாக்கள் அங்கே வேரழுகிப் போயின. போவிட்டியாவோ ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கிறது.

பாதி முற்றிய கொப்பை வெட்டி ஈர மணலில் ஊன்றினால் வேர் விடும். வெயில் வேண்டும். சுண்ணாம்போ டொலமைட்டோ போடக்கூடாது. அமிலத்தன்மையுள்ள மண்தான் அதற்கு ஏற்றது. அத்தகைய மண்ணில் மற்றப் பயிர்களின் வேரைக் கெடுக்கும் அலுமினியத்தை இது தன் இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டே செழிக்கும். ஊதாப் பூவுக்கு ஆயுள் ஒரு நாள்தான். அதில் தேன் கிடையாது. கருவண்டு வந்து ரீங்காரமிட்டு, அந்த அதிர்வில் உதிரும் மகரந்தத்தை எடுத்துப் போகும்.

பக்கத்திலேயே அதன் சிறிய உறவான ஹீன் போவிட்டியாவும் நிற்கிறது. அது இலங்கைக்கே உரியது. நாட்டு வைத்தியர்கள் ஈரல் நோய்க்கு அதன் இலையைக் கொடுப்பார்கள். நம் நாட்டு ஆய்வாளர்களும் 1980களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, ஈரல் பாதிப்பை அது குறைப்பதாகக் கண்டார்கள்.

வாப்பாவுக்குச் செங்கமாரி வந்த காலத்தில் அதைக் கொண்டுவந்து நட்டது அயல்வீட்டுச் சிங்கள அம்மா. அன்றிலிருந்து வேலி இடுக்கால் நுழைந்து, இலைக்கஞ்சிக்கு வேண்டியதைத் தானே பறித்துக்கொண்டு போவா. யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

2018 மார்ச்சில் திகனைப் பக்கம் எங்களவர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. எங்கள் தெருவில் எதுவும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஊரடங்கு நீங்கிய பின்னும் பல வாரங்கள் வேலி இடுக்கால் எவரும் வரவில்லை. நாங்களும் போகவில்லை. இலைகள் முற்றிப் பழுத்து உதிர்ந்தன.

ஒரு காலையில் வேலிக்கு அப்பால் நின்று அந்த அம்மா கேட்டா: "உம்மா, போவிட்டியா இலை கொஞ்சம் பறிக்கலாமா?"

உம்மாவின் முகம் வாடிவிட்டது. "நீங்க நட்ட கன்றுக்கு என்னிடமா கேட்கிறீங்க?" என்றா. இருவரும் சேர்ந்தே பறித்தார்கள். பழைய பேச்சு உடனே திரும்பிவிடவில்லை. காய்கறி விலை, மழை என்று தயங்கித் தயங்கித்தான் வந்தது.

வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டவேண்டும், ஈர மூலைக்கும் சீமெந்து போடவேண்டும் என்கிறார் நானா. பாதுகாப்பு என்கிறார், அவர் பயத்தையும் பிழை என்று சொல்லமுடியாது. உம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. போன மழைக்கு நான் ஊன்றிய நான்கு கொப்புகளில் மூன்று துளிர்த்திருக்கின்றன. அவற்றை வேலியோரமாகவே நட்டிருக்கிறேன்.