வால்வுக்கு எத்தனை வோல்ட்?

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போடுகிற அளவுக்குத்தான் அந்தக் கடை. மெக்கானிக் பெரியவர் வால்வு ரேடியோவில் தொழில் பழகியவர். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகள் சில இன்னும் அட்டைப்பெட்டியோடு அவரிடம் இருக்கின்றன. இப்போது அவரிடம் வருபவை பெரும்பாலும் மெல்லிசைக் குழுக்களின், சர்ச் இசைக்குழுக்களின் ஆம்ப்கள்.

அன்று மேசைமேல் இருந்தது பேஸ் கிட்டாருக்கான முழு வால்வு ஆம்ப். பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆகியும் அவர் உள்ளே கை வைக்கவில்லை. ரெசிஸ்டர் கோத்த ஒயரின் இரு முனையிலும் கிளிப் மாட்டி, பெரிய கண்டென்சர்களில் தேங்கிய மின்சாரத்தை ஒவ்வொன்றாக இறக்கினார். இடது கை முதுகுக்குப் பின்னால். இரண்டு கையும் உள்ளே போனால் ஷாக் நெஞ்சு வழியாகப் பாயும். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி என்ற பேஸ் ஆம்பில் பவர் வால்வுகளுக்குப் போவது சுமார் 700 வோல்ட். அதில் 14 வால்வுகள், 300 வாட், ஏறக்குறைய 40 கிலோ எடை. பேஸின் தடித்த இ தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதை மேடை நிறையக் கேட்கவைக்க அவ்வளவு பவர் தேவைப்பட்டது.

ஆம்ப் வாங்க யோசனை கேட்டு ஒரு பேஸ் வாசிப்பாளர் வந்திருந்தார். "வால்வுல 100 வாட்டு, டிரான்சிஸ்டர்ல 300 வாட்டு மாதிரி கேக்குதே, ஏன் ஐயா?"

"வாட்டு ஒண்ணுதான் தம்பி. எல்லை தாண்டுறப்ப வால்வு ஒலியோட தலையை மெதுவா அமுக்கும், டிரான்சிஸ்டர் சீவி எறியும். அதனால வால்வை இன்னும் கொஞ்சம் ஏத்தலாம், காது முகம் சுளிக்காது."

அந்த அமுக்கலில் பவர் வால்வுக்கும், அதை ஸ்பீக்கரோடு இணைக்கும் கனத்த டிரான்ஸ்பார்மருக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த டிரான்ஸ்பார்மர்தான் அன்று கருகியிருந்தது. ஸ்பீக்கர் கேபிளை மாட்டாமல் யாரோ வாசித்துவிட்டார்கள். சுமை இல்லாதபோது அதன் சுருளில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனைத் துளைத்துவிடும். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு ஆபத்து நேர் எதிர்ப்பக்கம்: 4 ஓம் வரை தாங்குவதில் கூடுதல் கேபினட் மாட்டி 2 ஓமுக்கு இறக்கினால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சூடேறிப் போகலாம். பழகிய ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறவர்களிடம் இந்த இரண்டையும் முதலில் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

"அப்ப ஹைப்ரிட் எடுத்துக்கட்டுமா?" என்றார் வந்தவர்.

ஹைப்ரிட்டில் முன்பகுதியில் மட்டும் ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு. பவர் முழுக்க டிரான்சிஸ்டர், இப்போது பெரும்பாலும் கிளாஸ் டி என்ற எடை குறைந்த வகை. இரண்டு மூன்று கிலோவில் 500 வாட் கிடைக்கிறது. ஒலியில் கொஞ்சம் கதகதப்பு வரும். பவர் வால்வின் அமுக்கல் வராது. சிலவற்றில் அந்த ஒற்றை வால்வுக்கும் சில பத்து வோல்ட்தான் கொடுத்திருப்பார்கள், அது ஒளிர்வதாகக் காட்ட அடியில் எல்இடி வைத்திருப்பார்கள். பெரியவருக்கு இதில்தான் கோபம். எனக்கும்.

என் எண்ணம் இது: ஊர் ஊராக வேனில் போகிறவருக்கு நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப் போதும். நம் மேடைகளில் ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறி இறங்கும். புது வால்வுகள் சுலோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்து வரவேண்டும். ரிக்கார்டிங்குக்குச் சின்ன வால்வு ஆம்பே இனிமை. 1960இல் வந்த ஆம்பெக் பி-15 வெறும் 25 வாட்தான், ஸ்டுடியோக்கள் அதை இன்றும் தேடுகின்றன. கிளாஸ் டி கெட்டால் பெரும்பாலும் போர்டையே மாற்றவேண்டும் என்பதையும் கணக்கில் வைக்கவேண்டும்.

வந்தவர் அப்போதும் ஹைப்ரிட் பக்கமே சாய்ந்தார். பெரியவர் ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வைக் கவிழ்த்து ஒன்றாம் பின்னையும் ஆறாம் பின்னையும் காட்டினார். "வாங்கறதுக்கு முன்னாடி இங்க கொண்டா. இந்த ரெண்டுலயும் 150 வோல்ட்டுக்கு மேல இருந்தா எடு. நீயா திறந்து கை வைக்காதே."