யாருடைய ரிப்போர்ட்?

நான் எழுதிய வெப் ஏபிஐ ஒன்று, ஐந்து மாத காலம், லாகின் செய்த எவர் கேட்டாலும் எவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பூட்டு இருந்தது. பூட்டியவனும் நான்தான். அதனால்தான் அத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கினேன்.

2018 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை அந்தப் பரிசோதனை நிலையத்தின் டாக்டரம்மா போன் செய்தார். "தம்பி, ஒரு பையன் வந்திருக்கான். நம்ம ரிப்போர்ட் பக்கத்துல என்னமோ ஓட்டைங்கிறான். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." தென்மாவட்ட நகரம் ஒன்றில் இருந்த சிறிய நிலையம் அது. நோயாளி தன் கைபேசி எண்ணைத் தந்து, ஓடிபி போட்டு உள்ளே வந்தால் தன் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தையும் அதன் பின்னாலிருந்த ஏபிஐயையும் தனி ஆளாகச் செய்து கொடுத்திருந்தேன்.

வரவேற்பறையில் இன்ஜினியரிங் மாணவன் ஒருவன் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். அப்பாவின் சர்க்கரை ரிப்போர்ட்டை எடுக்க வந்தவன். "அண்ணா, இது அப்பாவோடது. முகவரி கடைசியில 10482-ன்னு இருக்கு பாருங்க. 10483-ன்னு மாத்துறேன்." மாற்றினான். ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் பெயர், வயது, கைபேசி எண், அதன் கீழே எச்ஐவி பரிசோதனை முடிவு. பேறுகாலத்தில் வழக்கமாக எடுக்கும் பரிசோதனைதான். முடிவு என்னவென்று இங்கே எழுத மாட்டேன். "இது ஒண்ணுதாண்ணா பார்த்தேன். வேற எதையும் திறக்கல" என்றான். அவன் குரலில் என்னைக் குற்றம் சொல்லும் தொனி சிறிதும் இல்லை. எனக்குக் கை நடுங்கியது.

எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒருவருடைய எச்ஐவி நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது அதன் முக்கியமான பாதுகாப்புகளில் ஒன்று. என் நிரலுக்கு அது தெரியாது. எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். ஓடிபி சரியாக இருந்தால் என் சர்வர் ஒரு ஜேடபிள்யூடி டோக்கனைத் தரும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் அந்த டோக்கனைத் தலைப்பில் சுமந்து வர வேண்டும். இல்லாவிட்டால் 401 என்று திருப்பி அனுப்பிவிடும். அந்த டோக்கனில் புள்ளி வைத்துப் பிரித்த மூன்று பகுதிகள் உண்டு: என்ன வகைக் கையெழுத்து என்ற குறிப்பு, ஆள் யார் என்ற தகவல், கடைசியாக சர்வர் தன் ரகசியச் சாவியால் போட்ட கையெழுத்து. நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது. டோக்கன் இல்லாமல், திருத்திய டோக்கனோடு, காலாவதியான டோக்கனோடு என்று எல்லா விதமாகவும் சோதித்தேன். எல்லாவற்றுக்கும் 401 வந்தது. நல்ல டோக்கனை வைத்துக்கொண்டு அடுத்தவர் ரிப்போர்ட்டைக் கேட்டால் என்ன ஆகும் என்று மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

ஏஎஸ்பி டாட் நெட் கோரில் எழுதுபவர்களுக்குத் தெரியும், ஒரு வகுப்பின் தலையில் 'ஆத்தரைஸ்' என்று சதுர அடைப்புக்குள் ஒரு சொல் போட்டால் போதும், டோக்கன் இல்லாதவர் உள்ளே வர முடியாது. அந்தச் சொல்லை அதன் அகராதிப் பொருளிலேயே எடுத்துக்கொண்டேன். அனுமதி என்று எழுதிவிட்டேன், அனுமதி பார்க்கப்படுகிறது என்று நினைத்துவிட்டேன். வேறு எதுவும் சேர்க்காமல் அதைத் தனியாகப் போட்டால், லாகின் ஆனவரா என்பதைத்தான் அது பார்க்கும். ஆவணத்தில் தெளிவாகவே இருக்கிறது. நான் படிக்காமல் தாண்டிப் போனேன்.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை எண்ணிப் பாருங்கள். வில்லையை நீட்டினால், கடைக்காரர் அது தன் கடை வில்லைதானா என்று பார்ப்பதோடு விடுவதில்லை. அதிலுள்ள எண்ணைப் பார்த்து அந்த எண்ணுக்குரிய ஜோடியைத்தான் எடுத்துத் தருவார். என் ஏபிஐ வில்லை உண்மையானதா என்று மட்டும் பார்த்தது. பிறகு, வந்தவர் எந்தச் செருப்பைக் கைகாட்டினாலும் எடுத்துக் கொடுத்தது. ஆள் யார் என்பது ஒரு கேள்வி. இந்த ஆள் இதைத் தொடலாமா என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியை லாகினோடு முடித்துவிட முடியாது. ஒவ்வொரு பொருளை எடுக்கும்போதும் கேட்க வேண்டும்.

அன்று இரவே உட்கார்ந்தேன். ரிப்போர்ட்டின் உரிமையாளர் எண்ணும் டோக்கனில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்கும் ஒரே ஒரு வரி. எழுதச் சில நிமிடம்தான் ஆனது. ஆனால் ரசீதிலும் அதே ஓட்டை, முன்பதிவிலும் அதே ஓட்டை. அந்த ஒரு வரியும் போதாது என்பது விடியும்போதுதான் உறைத்தது. அப்பாவின் ரிப்போர்ட்டை மகன் பார்ப்பதும், மாமியாருடையதை மருமகள் பார்ப்பதும் நம் வீடுகளில் நடப்பதுதான். யார் யாருக்கு அனுமதி தந்திருக்கிறார் என்று தனி அட்டவணை வைத்தேன். அனுமதி இல்லாதவருக்கு 403 தராமல் 404 தந்தேன். 'உனக்கு அனுமதியில்லை' என்பதே அங்கே ஒரு ரிப்போர்ட் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். வரிசை எண்களையும் ஊகிக்க முடியாத நீண்ட எண்களாக மாற்றினேன். அது உதவிதான், பூட்டு ஆகாது.

தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. டோக்கனின் நடுப்பகுதியில் நோயாளியின் பெயரையும் கைபேசி எண்ணையும் வைத்திருந்தேன். பார்க்கப் புரியாத எழுத்துக் குவியலாக இருந்ததால் அது மறைக்கப்பட்டது என்று நம்பியிருந்தேன். அது வெறும் பேஸ்64. எவரும் ஒரு நொடியில் படிக்கலாம். கையெழுத்து, மாற்றாமல் தடுக்கும். படிக்காமல் தடுக்காது. டோக்கனுக்கு 30 நாள் ஆயுளும் கொடுத்திருந்தேன். அது பேரர் செக் மாதிரி, யார் கையில் இருக்கிறதோ அவருக்கே செல்லும். லாகவுட் செய்தால் பிரவுசரிலிருந்து அழியுமே தவிர, சர்வரைப் பொறுத்தவரை அது செல்லுபடியாகும் டோக்கன்தான். ஆயுளை 15 நிமிடமாகக் குறைத்து, புதுப்பிக்கும் டோக்கனை டேட்டாபேஸில் வைத்து, லாகவுட் ஆனதும் அதை ரத்து செய்யும்படி மாற்றினேன். ரகசியச் சாவியையும் மாற்றியதால் பழைய டோக்கன்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் செத்தன. ஞாயிறு காலை நிலையத்தின் போன் ஓயாமல் அடித்தது.

இவையெல்லாம் சரிசெய்ய முடிந்தவை. முடியாதது ஒன்று உண்டு. சர்வர் பதிவுகளை 14 நாளுக்கு மட்டுமே வைத்திருந்தேன். அந்த 14 நாளில் அந்த மாணவனைத் தவிர யாரும் அடுத்தவர் எண்ணைத் தொடவில்லை. அதற்கு முன்னால் போன நாட்களில் யார் எதைப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்தப் பெண்ணை டாக்டரம்மாவே அழைத்து விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் நின்றிருந்தேன். போனை வாங்கிப் பேச எனக்குத் துணிவு வரவில்லை. அதை இன்றும் என் குறையாகவே வைத்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு ஓவாஸ்ப் அமைப்பு ஏபிஐகளுக்கான பத்துப் பெரிய ஆபத்துகளின் பட்டியலை வெளியிட்டது. முதலிடத்தில் இருந்தது நான் செய்த இதே தவறு. 2023 பட்டியலிலும் முதலிடம் அதற்குத்தான்.

நீங்கள் ஏபிஐ எழுதுபவர் என்றால், இன்று வேலையை முடித்துக் கிளம்புவதற்குள் இதைச் செய்யுங்கள். இரண்டு கணக்குகளை உருவாக்குங்கள். முதல் கணக்கின் டோக்கனை வைத்து இரண்டாம் கணக்கின் பொருள் ஒவ்வொன்றையும் கேளுங்கள். பார்ப்பதற்கு, திருத்துவதற்கு, அழிப்பதற்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள். எங்காவது 200 வந்தால், அதை அடைக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.